முதல் கவரில் ஹீரோ

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். சினிமாப் படங்களை வைத்து வந்த கட்டை பொம்மைகளின் வரலாற்றை இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாராம். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் டிக்கென்று பிடித்துக்கொள்ளுமே, பிள்ளைகள் வீடும் வண்டியும் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அந்த வரலாற்றில் தனி இடம் இருக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் எழுதியதை அனுப்பினார். படித்ததும் வந்த எரிச்சலில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

மூன்றாம் பாகத்துக்காக நாங்கள் போட்ட லாரிப் பெட்டியில் இரண்டு வகை இருக்கிறதாம். முதலில் கடைக்கு வந்த பெட்டிகளில் ஹீரோ பொம்மை கடைசிக் கவரில் இருக்கும், பின்னால் வந்த பெட்டிகளில் முதல் கவரில் இருக்கும். ஏன் இப்படி என்று பக்கம் பக்கமாக ஆராய்ச்சி. படத்தில் ஹீரோ இடைவேளை வரைக்கும் முகத்தைக் காட்ட மாட்டாராம். அதே மாதிரி பிள்ளைகளையும் காத்திருக்க வைக்க இயக்குநரே போட்ட திட்டமாம். அதற்குக் கீழே ஆளாளுக்கு 'என்ன மூளை, என்ன மூளை' என்று கைதட்டியிருக்கிறார்கள்.

"நான் எழுதினது சரிதானேம்மா?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

"இயக்குநருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சாமி. அது எங்க மலர்க்கொடி பண்ணுன வேலை" என்றேன்.

மலர்க்கொடி யார் என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் இந்த வம்பு எனக்கு எதற்கு என்று இருக்கிறது.

படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஓய்வு பெற்றவளை யார் என்ன செய்துவிடுவார்கள் என்று மகள் கேட்கிறாள். உரிமம் கொடுத்தவர்களோடு மாரடித்தது நான்தானே, அவளா? படம் மூன்று பாகம் வந்தது, ஊரே பார்த்தது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வெண்ணந்தூர்க்காரி. வீட்டில் தறி ஓடியது. தறிச் சத்தம் ஆகாது என்று ராசிபுரம் சாலையிலிருந்த பிளாஸ்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் தறிக்கு அண்ணன் மாதிரி மோல்டிங் மெஷின்கள் கத்திக்கொண்டிருந்தன. வாளி, மக்கு, சோப்பு டப்பா என்று போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மெஷினிலிருந்து விழுகிற சாமானின் ஓரத்துப் பிசிறை வெட்டுவதில் ஆரம்பித்து, தரம் பார்க்கிற மேசைக்கு வந்து, கடைசியில் அந்த மேசைக்கே பொறுப்பாளி ஆனேன். இடையில் இருந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நகம் வளர்ந்ததே இல்லை என்பதைத் தவிர.

கட்டைக்கு வந்தது முதலாளியின் யோசனை. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை நாமும் போடலாம் என்று அதற்கான டை, அதாவது அச்சு, செய்யச் சொல்லிவிட்டார். அப்போது சினிமாவும் கிடையாது ஒன்றும் கிடையாது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வெறும் கட்டைகளைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி அனுப்புவோம். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக் கடைகளில் பலூனுக்குப் பக்கத்தில் தொங்கும்.

வாளியில் ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் தண்ணீர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கட்டை அப்படியல்ல. பிள்ளை பிரிக்க முடியாமல் பல்லை வைக்கிற அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தூக்கினால் உதிர்கிற அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. மெஷினிலிருந்து சூடாக விழுந்த கட்டையைச் சோதித்துப் பயனில்லை, ஆற ஆறச் சுருங்கும். ஒரு நாள் தட்டில் கிடக்க விட்டு, மறுநாள் காலையில் ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். சித்திரை மாதம் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மனுஷியே இளகிப்போவாள், கட்டை எம்மாத்திரம்?

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் மேனேஜர் ராக்கியப்பன் சார். பழக்கினார் என்று சொல்வது தவறு, வதைத்தார். மனுஷர் பேச மாட்டார். எது கேட்டாலும் "ம்" என்பார். சரி என்பதற்கும் அதுதான், தவறு என்பதற்கும் அதுதான், நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கும் அதுதான். கோளாறான கட்டை கண்ணில் பட்டால் நம் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன கோளாறு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் ஒரு அக்கிரமம் செய்வார். சில நாள் நல்ல கட்டையையே கொண்டுவந்து வைப்பார். இல்லாத கோளாறைத் தேடி நான் பாதி நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகு, "இது நல்லாத்தானுங்க சார் இருக்குது" என்று போய் நிற்பேன். "ம்" என்பார். அந்தக் கட்டையால் அவர் மண்டையில் போடலாமா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பிறகுதான் சினிமா வந்தது. முதல் பாகம் ஓடு ஓடென்று ஓடியது. அதில் வருகிற ஜீப்பைக் கட்டையில் போட முதலாளி உரிமம் வாங்கிவந்தார். அன்றைக்குப் போனது எங்கள் நிம்மதி.

ஜீப்பில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் விரல் உயரத்து ஹீரோவின் மீசையில். முகம் அச்சடித்து உரிமம் கொடுத்தவர்களுக்கு அனுப்புவோம், மீசை மேலே ஏறிவிட்டது என்று திரும்பி வரும். இறக்கி அனுப்புவோம், வயதான மாதிரி தெரிகிறது என்று திரும்பி வரும். ஒரு தடவை, மீசை சரி, ஆனால் அதில் வீரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கடுகு அளவு மீசையில் வீரத்தை எந்த மையில் கலந்து அடிப்பது? ராக்கியப்பன் சார் முதன்முதலில் அனுப்பித் திரும்பி வந்த அதே முகத்தைத் துடைத்து மறுபடி அனுப்பிவைத்தார். அது பாஸாகி வந்தது. அன்றைக்கு மட்டும் அவருடைய "ம்" எனக்குப் புரிந்தது.

இரண்டாம் பாகத்துக்கு மோட்டார் படகு. படத்தில் வில்லன்தான் ஹீரோவின் கூடப்பிறந்த அண்ணன் என்பது கடைசியில்தான் தெரியும். ஆனால் எங்கள் பாக்கிங் ஹாலில் இருந்த பெண்களுக்குப் படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும், பெட்டியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நிற்கிற படம் இருந்ததே. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரோஜா, யாரு அண்ணங்காரன்னு சொல்லு பாப்போம்?" என்று கண்ணை உருட்டினார். நான் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "யாருங்க?" என்றேன். நடிப்புக்கு யாரும் எனக்கு விருது தரவில்லை.

மூன்றாம் பாகத்தில்தான் லாரி வந்தது.

எங்கள் பக்கத்தில் லாரியை வைத்து விளையாடக் கூடாது. நாமக்கல் சுற்று வட்டாரத்தில் லாரி இல்லாத சொந்தபந்தம் கிடையாது. ஓட்டுகிறவர், கட்டுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர், டயர் பார்க்கிறவர் என்று பாக்கிங் ஹாலில் ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் ஒருவர் இருந்தார். மாதிரி லாரி வந்த அன்றைக்கே ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஸ்டெப்னி இருக்கிற இடம் சரியில்லை, தார்ப்பாய்க் கயிறு போட்டிருக்கிற விதம் சரியில்லை. படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

இப்போது கவர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியில் நம்பர் போட்ட நான்கு கவர் இருக்கும். பிள்ளை முதல் கவரைப் பிரித்து, புத்தகத்தில் இருக்கிறபடி கட்டி முடித்து, அப்புறம் அடுத்ததைப் பிரிக்கும். லாரிக்கு முதல் கவரில் அடிச்சட்டம், சக்கரம், டிரைவர் சீட்டு, ஸ்டியரிங். இரண்டாவதில் லோடு ஏற்றும் பாடி. மூன்றாவதில் கேபின். நான்காவதில் தார்ப்பாய், விளக்கு, மற்ற சில்லறைகள். எந்தப் பெட்டியானாலும் ஹீரோ முதல் கவரில் இருந்தாக வேண்டும் என்பது உரிமக்காரர்களின் சட்டம். பிள்ளை காத்திருக்காமல் உடனே விளையாட வேண்டுமாம். அதனால் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, கேபின் இல்லாத வெறும் அடிச்சட்டத்தின் மேல் ஹீரோ உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஹாலே சிரித்தது. "அய்யோ, சேஸ் டிரைவரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. லாரி கம்பெனிக்காரர்கள் எஞ்சினும் சக்கரமும் வைத்த சேஸை மட்டும் கொடுப்பார்கள். கேபினும் பாடியும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கட்டுவது. அந்த மொட்டைச் சேஸை வடக்கே ஃபேக்டரியிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவதற்கென்றே டிரைவர்கள் இருக்கிறார்கள். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது. பலகையைக் கயிற்றால் கட்டி அதில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாகத் தாண்டி வருவார்கள். வெயில் உச்சந்தலையில் அடிக்கும், மழை நேராக நெஞ்சில் அடிக்கும். முன்னால் போகிற வண்டி கிளப்புகிற கல் முகத்துக்கு வரும். மலர்க்கொடியின் வீட்டுக்காரர் துரைசாமி அந்த வேலைதான் பார்த்தார். அன்று ஹாலில் சிரிக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மலர்க்கொடிக்குக் கைராசி என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. தினமும் வேலை தொடங்கும்போது நான்கு நம்பரிலும் அன்றைய முதல் கவரை அவள்தான் போட வேண்டும். அவள் லீவு எடுத்த நாள் கரண்ட் போகும், மெஷின் நிற்கும், ஏதாவது நடக்கும் என்பார்கள். கவர் ஒட்டியதும் ஒரு எடை மெஷின் மேல் போகும். எடை சரியாக இருந்தால் பச்சை விளக்கு, கூடக் குறைய இருந்தால் சிவப்பு விளக்கோடு கத்தும். எது சரியான எடை என்பதை அந்த மெஷினுக்குக் காலையில் ஒரு மாதிரிக் கவரை வைத்துக் காட்ட வேண்டும். உரிமக்காரர்கள் முத்திரை வைத்த மாதிரிக் கவர் அலமாரியில் பத்திரமாக இருந்தது. எங்கள் ஆட்கள் காட்டியது மலர்க்கொடி போட்ட கவரை. தரச் சான்றிதழ் கொடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா?

அவள் ஹீரோவை எடுத்துக் கடைசிக் கவரில் போட்டாள். மெஷின் அதையே சரி என்று எடுத்துக்கொண்டது. வேறு யாராவது புத்தகப்படி ஹீரோவை முதல் கவரில் போட்டால் சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது. அவர்கள் தாங்கள்தான் தவறு செய்துவிட்டோம் என்று மலர்க்கொடியின் தட்டைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். பெட்டியின் மொத்த எடையில் ஒரு வித்தியாசமும் வராது. என் மேசையில் பெட்டியைச் சோதிக்கிற முறை, எல்லாக் கவரையும் ஒரே தட்டில் கொட்டி எண்ணுவது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. இப்படியாக ஒரு கம்பெனியே சேர்ந்து, ஒரு மெஷினின் சாட்சியோடு, ஹீரோவைக் கடைசிக்குத் தள்ளியது.

படம் வந்தது, பெட்டி கடைக்குப் போனது, புகார் வந்தது. 'ஹீரோ இல்லை.' பெற்றவர்கள் முதல் கவரைப் பிரித்ததும் போனை எடுத்துவிடுகிறார்கள். மீதிக் கவரைப் பிரித்துப் பார்ப்போம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. விற்பனைப் பிரிவும் விசாரிக்காமல் ஆளுக்கொரு ஹீரோவைக் கூரியரில் அனுப்பிவைத்தது. பல வீடுகளில் ஒரு லாரிக்கு இரண்டு ஹீரோ ஆகிவிட்டார்கள். அதற்கும் புகார் வந்தது.

தீபாவளிச் சரக்கு கிடங்கில் அடுக்கித் தயாராக இருந்தபோது, உரிம அலுவலகத்திலிருந்து நித்யா என்ற மேடம் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். சின்ன வயது, கெட்டிக்காரர், அதை மறைக்கவும் மாட்டார். முதலாளியின் அறையில் என்னையும் ராக்கியப்பன் சாரையும் நிற்க வைத்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஹீரோ கடைசிக் கவரில்.

"இது தற்செயலா நடந்த மாதிரி தெரியல சார். யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. யாரு?" என்றார்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் தகவல் ஹாலுக்குப் போய், மலர்க்கொடியே வந்து கதவருகில் நின்றாள். "நாந்தானுங்க மாத்தி வெச்சேன்" என்றாள்.

"ஏன்?"

"மொட்டைச் சேஸ்ல ஆளை உக்கார வெச்சுக் கவரை ஒட்டறதுக்கு எனக்குக் கை வரலீங்க. பாடி கட்டி, பூசை போட்டு, அப்பறம் ஏறட்டும்னு கடைசில வெச்சேனுங்க."

மேடம் பிரித்த பெட்டியிலிருந்து ஹீரோவை எடுத்துக் காட்டினார். "இது பொம்மைம்மா" என்றார்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?"

"அவரு இப்ப ரோட்டுல இருக்கறாருங்க. வடக்க இருந்து வண்டி எடுத்து நாளாச்சு. வழியெல்லாம் மழைன்னு டிவில சொல்றாங்க. போனும் எடுக்க மாட்டேங்கறாரு. காலைல வந்து உக்காந்ததும் மொதல் வேலையா நானே அப்படி ஒரு ஆளை மழைல அனுப்பறாப்புல இருக்குதுங்க."

எனக்கு அந்த நேரத்தில் அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று கேட்டால் கோபம்தான் வந்தது. இதை முன்னாடியே என்னிடம் சொல்லித் தொலைத்திருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்க மாட்டேனா? அவள் மேல் கோபம், சிரித்த ஹால் மேல் கோபம், மீசையில் வீரம் தேடுகிற மகராசர்கள் கேபின் இல்லாத வண்டியில் ஆளை ஏற்றுகிறார்களே என்று அவர்கள் மேலும் கோபம்.

மேடத்துக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் தலைக்கு மேல் வேறு தலைகள் இருந்தன. சரக்கு முழுவதையும் பிரித்து ஹீரோவை முதல் கவருக்கு மாற்ற வேண்டும், இதைச் செய்தவர் வேலையில் இருக்கக் கூடாது, இரண்டில் ஒன்று குறைந்தாலும் உரிமம் ரத்து என்றார். முதலாளி தலையாட்டினார். உரிமம் போனால் ஹாலே காலி, அவர் என்ன செய்வார்?

"அப்ப கேபினையும் மொதல் கவருக்குக் கொண்டு வந்தரலாங்க மேடம். ஆளும் மொதல்லயே வந்துருவாரு, வண்டியும் மூடுன மாதிரி இருக்கும்" என்றேன் நான்.

"புத்தகம் அச்சாயிடுச்சும்மா. ஒவ்வொரு பக்கமும் அப்ரூவல் ஆனது. வரிசையை மாத்த முடியாது."

"ஒரு குடும்பம் பொழைக்குமுங்க மேடம்."

"எனக்கும் மேல பதில் சொல்லணும்மா."

மலர்க்கொடி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டுக்காரர் ரோட்டில், வருமானம் அவர் வந்து சேர்ந்தால்தான், மாமியாருக்கு வைத்தியம் இவள் சம்பளத்தில். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவள் ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்போது ராக்கியப்பன் சார் பேசினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"இத்தனை கவரையும் பிரிச்சு ஒட்டித் தீபாவளிக்கு அனுப்போணும்னா கை ஓடற ஆள் வேணுமுங்க மேடம். இந்தப் புள்ளயாட்ட ஓட்டமா ஒட்டறதுக்கு இங்க வேற ஆளில்ல. அதுவே உங்க முன்னால புத்தகப்படி போடட்டும். போட்டா இருக்கட்டும். இல்லீன்னா நானே அனுப்பிப் போடறேன்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், கிடங்குப் பக்கம் பார்த்தார், சரி என்றார். உதவி செய்கிறாரா, கழுத்தில் கயிறு மாட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவள் கை எதைச் செய்ய வராது என்கிறதோ, அதையே அவள் கையால் செய்யச் சொல்லிவிட்டாரே.

ஹாலுக்குப் போனோம். மலர்க்கொடி மேசையில் உட்கார்ந்தாள். அடிச்சட்டம், சக்கரம், சீட்டு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் கவருக்குள் போட்டாள். ஹீரோவைக் கையில் எடுத்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அமைதி என்று சொல்ல முடியாது, ஆனால் அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டிருந்தார்கள். மலர்க்கொடி ஹீரோவைப் போட்டு ஒட்டினாள். மேடம் அந்தக் கவரை வாங்கிப் பார்த்து, எடை மெஷினில் தானே வைத்து, அதன் எடையையும் ஹீரோ இல்லாத கடைசிக் கவரின் எடையையும் சரியான எடையாகப் பதியச் செய்தார். இன்னும் சில கவர்கள் பச்சை விளக்கோடு போவதையும் நின்று பார்த்துவிட்டு, முதலாளியோடு கிளம்பி சேலம் ஜங்ஷனுக்குப் போய்விட்டார். மலர்க்கொடியின் வேலை தப்பியது என்று நான் மூச்சுவிட்டேன்.

விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு. அடுத்த கவருக்கும் சிவப்பு. அதற்கடுத்ததற்கும் சிவப்பு. எல்லாம் மலர்க்கொடியின் மேசையிலிருந்து வந்தவை.

ஒன்றைப் பிரித்துக் கொட்டினேன். ஹீரோ இருந்தார். இருக்க வேண்டிய எல்லாம் இருந்தது. கூடவே ஒரு சிவப்புத் தகடு இருந்தது. மூன்றாம் கவரில் இருக்க வேண்டிய கேபின் கூரை.

"ஏம் புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று கத்தியேவிட்டேன்.

"கூரை மட்டுந்தானுங்கக்கா" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆளை மொதல் கவர்ல வெக்கச் சொன்னாங்க, வெச்சுட்டேன். தலைக்கு மேல ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமுங்கக்கா. மழை பேயுதுங்க."

"அப்ப முன்னால கண்ணாடி வேண்டாமா? மழை மேல இருந்து மட்டுந்தான் வருமா?" ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

"அதையும் வெச்சுப் பாத்தேனுங்க. கவர் ஒட்ட மாட்டேங்குது."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் தலையில் கை வைத்து நிற்கும்போது ராக்கியப்பன் சார் பின்னால் வந்து நின்றார். கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். சிவப்புத் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்ன வாக்குப்படி இப்போது அவளை அனுப்ப வேண்டும். ஒரு கவரில் கூட ஒன்று, இன்னொரு கவரில் குறைய ஒன்று. எந்தக் கம்பெனியிலும் இது ரிஜெக்ட். அதில் எனக்கே சந்தேகம் இல்லை.

அவர் புத்தகத்தை எடுத்தார். முதல் கவருக்கான பக்கங்களைப் புரட்டினார். பிறகு மூன்றாவது கவருக்கான பக்கங்களைப் புரட்டி, கூரை வைக்கிற படத்தில் விரலை வைத்து நின்றார்.

"சரோஜா, மொதல் கவரைப் பிரிச்ச பையன் இந்தத் தகட்டை என்ன பண்ணுவான்?"

"எதுக்குன்னு தெரியாம ஓரமா வெச்சிருப்பானுங்க."

"கேபின் கட்டறப்ப?"

"தேடுவானுங்க. ஓரமா வெச்சது கைக்கு வருமுங்க."

"ம்" என்றார்.

மலர்க்கொடி எழுந்து நின்றுவிட்டாள். சாப்பாட்டுப் பையைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. சிவப்பு விளக்கு போட்ட கவர்களில் ஒன்றை எடுத்து எடை மெஷின் மேல் வைத்து, பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு கூரை இல்லாத மூன்றாம் கவரைக் கொண்டுவரச் சொல்லி அதன் எடையையும் அப்படியே மாற்றினார். ஹாலில் இருந்த பெண்களைப் பார்த்து, "எல்லாரும் இதும் மாதிரியே போடுங்க" என்றார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு பக்கம் தூக்கிவாரிப் போட்டது. உரிமக்காரர்கள் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அவர் வேலையும் போகும், என் வேலையும் சேர்ந்து போகும். இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் இந்த மனுஷர் மண்டையில் கட்டையைப் போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு தீபாவளிச் சரக்கு முழுவதையும் பாஸ் செய்தேன். முதல் கவரில் ஹீரோ, அவரோடு ஒரு கூரை.

மறுநாள் காலையில் ராக்கியப்பன் சார் மலர்க்கொடியின் மேசைப் பக்கம் வந்தார். "வந்துட்டானா?" என்றார். வேலையைத் தவிர வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னும் இல்லீங்க சார்" என்றாள்.

அதற்கடுத்த நாளும் வந்து கேட்டார். இல்லை என்றாள். அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கவர்கள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

வாரக் கடைசியில் ஒரு நாள் அவள் தாமதமாக வந்தாள். அதுவரை அவள் தாமதமாக வந்ததே இல்லை என்பதால் நான் வாசலுக்கே ஓடினேன். பார்த்தால் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "போனை மழைல நனைச்சுப் போட்டாராமுங்கக்கா. யார்கிட்டயாவது போன் வாங்கி ஒரு வார்த்தை பேசறதுக்கென்னங்க? உசுரு போயி உசுரு வந்துது. மொகமெல்லாம் தோல் உரிஞ்சு வந்து நிக்கறாரு. இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருக்கறாரு." எனக்கும் அந்த மனுஷனை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம், அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ராக்கியப்பன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ம்" என்றார். இனிமேல் எதற்கு வம்பு என்று எனக்குத் தோன்றியது. மேடம் மறுபடி வருவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடலாமே.

"எடையைப் பழையபடி மாத்திரட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அடுத்த வண்டிக்கு மறுபடி போவான்ல?" என்றார்.